லைனில் எல்லோருக்கும் இடம்: வாசகர் கேள்வி பதில்

வேலையில் வீணாவதைக் களையும் 'லீன்' முறையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதை ஆட்கள் விஷயத்திலும் கையாளலாமா, பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் வெளிமாநிலத்தாரும் பல மத, சாதிக்காரர்களும் ஒரே கூரையின்கீழ் சமமாக வேலை பார்க்க அது உதவுமா என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்தன. எல்லாம் பழைய வடாற்காடு மாவட்டத்து ஊர்களிலிருந்து வந்தவைதான். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும், கம்பெனி பஸ்கள் இன்னும் மூன்றிலும்தானே ஓடுகின்றன! தொழிற்சாலை நிர்வாகத்தில் பழுத்த எங்கள் குழு பதில் சொல்கிறது. பலரும் பெயர் வேண்டாம் என்றதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

மனிதவள அலுவலர், ஆம்பூர்: எங்கள் ஷூ கம்பெனியில் பத்தில் எட்டுப் பேர் பெண்கள். அப்படியும் வெளிநாட்டு பையர் 'டைவர்சிட்டி, இன்க்ளூஷன்' (பல தரப்பினரையும் சமமாகச் சேர்த்துக்கொள்ளும்) திட்டம் எங்கே என்று கேட்கிறார். ஸ்டிச்சிங்கில் மூன்று வருடமாக லீன் செய்கிறோம். அதையே இதற்கும் வைத்துக்கொள்ளலாமா? எங்கிருந்து தொடங்குவது?

வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த 'பத்தில் எட்டு' கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். மெஷினில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. லைன் லீடர், சூப்பர்வைசர், கட்டிங் மாஸ்டர், ஃப்ளோர் மேனேஜர் என்று தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். படி ஏற ஏற எண்ணிக்கை எங்கே சரிகிறதோ, உங்கள் வேலை அங்கே இருக்கிறது.

ஸ்டிச்சிங்கில் முதலில் என்ன செய்தீர்கள்? தோல் ஸ்டோரில் புறப்பட்டு அப்பராகி (ஷூவின் மேற்பகுதி) வெளியே போகும்வரை ஒவ்வொரு படியையும் சார்ட்டில் வரைந்து, எங்கே தேங்குகிறது என்று பார்த்திருப்பீர்கள். அதே சார்ட்டை இப்போது ஆளுக்கு வரையுங்கள். வேலை இருக்கும் செய்தி காதுக்கு எட்டுவது, கேட்டில் விண்ணப்பம், மெஷின் டெஸ்ட், சேர்க்கை, பயிற்சி, 90 நாள் நிலைப்பது, இரண்டாவது மெஷின் கற்பது, லைன் லீடர், சூப்பர்வைசர். மஸ்டர் ரோலை (ஆட்களின் வருகைப் பதிவேடு) எடுத்து வைத்துக்கொண்டு கடந்த 12 மாதத்துக்கு ஒவ்வொரு படிக்கும் இரண்டே எண் எழுதுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் அடுத்த படிக்குப் போனார்கள். பெண், ஆண் என்று ஒரு முறை. உள்ளூர், வெளிமாநிலம் என்று ஒரு முறை. ஒரு பிரிவில் ஐந்தாறு பேர்தான் என்றால் அந்த எண்ணைச் சுவரில் ஒட்ட வேண்டாம். யாரைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு. 100 பெண்கள் சேர்கிறார்கள். 90-ஆவது நாளில் 60 பேர் இருக்கிறார்கள். அவர்களில் 15 பேருக்கு மூன்று மெஷின் தெரியும். சூப்பர்வைசர் ஆனவர் ஒருவரும் இல்லை. ஏன் ஆகவில்லை? விண்ணப்பிக்கவில்லை. ஏன் விண்ணப்பிக்கவில்லை? சூப்பர்வைசர் பயிற்சிக்கு அவர்கள் வருவதில்லை. ஏன் வருவதில்லை? பயிற்சி மாலை 6 மணிக்கு, பஸ் 5.45-க்கு. பயிற்சி ஏன் 6 மணிக்கு? சொல்லிக்கொடுப்பவர் ப்ரொடக்ஷன் ரிப்போர்ட்டை முடித்துவிட்டு அப்போதுதான் வருகிறார். ரிப்போர்ட் ஏன் அவ்வளவு நேரம் பிடிக்கிறது? அதே எண்களை மூன்று நோட்டில் கைப்பட எழுதுகிறார்கள். ஆக, பெண்கள் மேலே வராததற்கு ஒரு காரணம் அந்த மூன்று நோட்டு. பெரும்பாலான கம்பெனிகள் இரண்டாவது 'ஏன்'-இலேயே நின்று, "அவங்களுக்கு ஆர்வம் இல்ல சார்" என்று ஃபைலை மூடிவிடுகின்றன. 'ஏன்' என்ற கேள்விக்கு ஆளின் குணம் பதிலாக வந்தால், இன்னும் ஒரு 'ஏன்' பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ட்டை ஏ.சி. அறையில் உட்கார்ந்து வரைந்தால் பஸ் நேரம் அதில் வராது. ஒரு நாள் காலை கடைசி ஸ்டாப்பில் பஸ் ஏறி, தொழிலாளியோடு கேட், லாக்கர், மெஷின், டீ, கழிப்பறை, கேன்டீன் என்று மாலை வரை நடந்து பாருங்கள். கையில் நோட்டும் கடிகாரமும் போதும். அறிவுரை சொல்லக் கூடாது, செல்போனில் படம் எடுக்கக் கூடாது.

பிறகு ஒரு லைன், ஒரு மாற்றம், ஆறு வாரம். மாற்றத்துக்கு முன்னால் இருந்த எண்ணை எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் பயிற்சியை மதியம் 2 மணிக்கு மாற்றுவதுதான் அந்த ஒரு மாற்றம். பலன் இல்லையென்றால் அதையும் சார்ட்டிலேயே எழுதிவிட்டு அடுத்த காரணத்துக்குப் போங்கள். ஒரே மாதத்தில் பத்துத் திட்டம் அறிவித்தால் எது வேலை செய்தது என்பது உங்களுக்கே தெரியாது.

இன்னொன்று. 'லீன்' என்ற பெயரை 1988-ல் வைத்தவர் ஜான் கிராஃப்சிக். முறை டொயோட்டாவுடையது. அந்த நிறுவனம் 2001-ல் தன் வழியை எழுத்தில் வடித்தபோது இரண்டு தூண் என்றது: இடைவிடாத மேம்பாடு ஒன்று, மனிதர்களுக்கு மதிப்பு மற்றொன்று. நம் ஊர் ஃப்ளோர்களில் முதல் தூணை மட்டும் நட்டுவிட்டுக் கூரை ஏன் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த கடிதம் அதற்குச் சாட்சி.

தையல் தொழிலாளி, பேரணாம்பட்டு: லீன் வந்த பிறகு எங்கள் லைனில் நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். கழிப்பறைக்கு டோக்கன், லைனுக்கு ஒரே டோக்கன்தான். தண்ணீர் குடிக்கவே பயமாக இருக்கிறது. முழுகாமல் இருப்பவர்களும் நிற்கிறார்கள். கேட்டால் 'லீன்' என்கிறார்கள். இதுதான் லீனா?

இல்லை அம்மா. லீனில் மூன்று கேடுகளைச் சொல்வார்கள்: முடா, முரா, முரி. முடா என்றால் வீண், முரா என்றால் சீரின்மை, முரி என்றால் ஆளுக்கோ மெஷினுக்கோ தாங்க முடியாத சுமை. உங்கள் கம்பெனி முதலாவதைத் துரத்திக்கொண்டு மூன்றாவதில் விழுந்திருக்கிறது.

நின்று வேலை செய்வதற்கு லீனில் ஒரு காரணம் உண்டு. யு வடிவ லைனில் ஒருவரே இரண்டு மூன்று மெஷினை மாறி மாறி ஓட்டும்போது உட்கார்ந்து எழுவது தொந்தரவு. நாள் முழுக்க ஒரே போஸ்ட் பெட் மெஷினில் தைப்பவருக்கு அந்தக் காரணம் பொருந்தாது. மெஷின் மாற்றி ஓட்டுபவருக்கும் ரப்பர் பாயும் சாய்ந்து உட்கார உயரமான ஸ்டூலும் வேண்டும். நின்று வேலை செய்பவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்த விதி. கடை ஊழியர்களுக்கும் இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் தனியாகவே சட்டத் திருத்தம் கொண்டுவந்தது.

கழிப்பறைக் கணக்கை மேலாளர்களுக்காகவே இங்கே போட்டுக் காட்டுகிறோம். சாப்பாட்டு நேரம் போக ஷிப்ட் 480 நிமிடம். டீ இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிடம். காலைக் கூட்டம் பத்து நிமிடம். மிச்சம் 450. டார்கெட் 600 ஜோடி என்றால் ஜோடிக்கு 45 விநாடி. ஒவ்வொரு மெஷினுக்கும் 44 விநாடி வேலையைப் பிரித்துக் கொடுத்தால் காகிதத்தில் அழகாக இருக்கும். ஃப்ளோரில் ஒருத்தி எழுந்தால் பின்னால் கூடை நிரம்பும், முன்னால் கை சும்மா இருக்கும். 38 முதல் 40 விநாடிக்குள் வேலையைப் பிரித்தால்தான் லைன் மூச்சு விடும்.

40 பேர் லைன். ஒருவர் ஷிப்ட்டுக்கு இரண்டு முறை, முறைக்கு 6 நிமிடம். 40 × 2 × 6 = 480. அதாவது ஒரே ஒரு ஆளின் ஒரு நாள் வேலை! 40 பேரின் சங்கடத்தைத் தீர்க்க ஒரு ரிலீவர் (எழுந்து போகிறவர் இடத்தில் உட்காரும் மாற்று ஆள்) போதும். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படும் என்பதால் இரண்டு பேர் வைத்தால் நல்லது. டோக்கன் வைத்து அந்த 480 நிமிடத்தை மிச்சப்படுத்தும் நிர்வாகம் வேறு கணக்கில் கொடுக்கிறது: தண்ணீர் குடிக்காமல் சிறுநீர்த் தொற்று, அதற்கு லீவு, லீவில் இருப்பவர் இடத்தில் பழகாத கை, அந்தக் கை போட்ட தையலுக்கு ரீவொர்க். வேலூர் வெயிலில் ஏப்ரல், மே மாதங்களில் இது இன்னும் மோசம். 6 நிமிடத்தில் 4 நிமிடம் நடைக்கே போகிறது என்றால் கழிப்பறை இருக்கும் இடம்தான் தப்பு.

ரிலீவராகப் போட வேண்டியவர், நாலைந்து மெஷின் தெரிந்த கெட்டிக்காரப் பெண். லைன் முழுக்கத் தெரிந்துகொண்டு லைன் லீடர் ஆக இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆம்பூர் அலுவலருக்கும் இது உதவும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில், ஆள் வந்து சொன்ன பிறகு இடம் தேடுவதுதான் தப்பு. லைனில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் முன்கூட்டியே ஒரு அட்டை எழுதி வைக்க வேண்டும்: உட்கார்ந்தா நின்றா, தூக்கும் எடை எத்தனை கிலோ, சொல்யூஷன் (பசை) வாடை உண்டா, குனிய வேண்டுமா, பெடல் மிதிக்க வேண்டுமா. அந்த அட்டை இருந்தால் சொன்ன அன்றே இடம் மாற்றலாம். சொல்யூஷன் ஒட்டும் மேசைக்குக் கர்ப்பிணியை அனுப்பவே கூடாது. டேபிள் வேலைக்கு மாற்றும்போது இன்சென்டிவ்வை வெட்டினால் அடுத்தவர் ஏழு மாதம் வரை வாய் திறக்க மாட்டார். முதுகு வலிக்காரர், விபத்துக்குப் பின் திரும்பியவர், போலியோ பாதித்தவர் எல்லோருக்கும் அதே அட்டைதான்.

நீங்கள் தனியாகப் போய்க் கேட்க வேண்டாம். நாலைந்து பேராக, இந்த 480 கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எதற்கும் அசையவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை ஆய்வாளருக்கு எழுதலாம்.

சிறு யூனிட் உரிமையாளர், வாலாஜாபேட்டை: 35 பேர்தான் இருக்கிறோம். இதற்கெல்லாம் தனி ஆள் போட வசதியில்லை. குறைந்தபட்சம் என்ன செய்ய வேண்டும்?

முதலில் சட்டத்தின் எண்களைப் பார்த்துவிடுவோம். 10 பேர் இருந்தாலே பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள்ளகக் குழு கட்டாயம். 20 பேரிலிருந்து, மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கையை விரிவாக எழுதி வைத்து, அதற்கு ஒரு தொடர்பு அலுவலரையும் சொல்ல வேண்டும். இருக்கும் ஆளுக்கே அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். 50 பேரானால் குழந்தைகள் காப்பகம். நீங்கள் முதல் இரண்டுக்குள் வருகிறீர்கள்.

பிறகு ஒரு சனிக்கிழமை மதியம் ஃபைவ் எஸ் (இடத்தை ஒழுங்காக, சுத்தமாக வைக்கும் ஐந்து படிகள்) செய்வீர்கள் இல்லையா, அதோடு சேர்த்தே இதையும் செய்யுங்கள். அடிக்கடி எடுக்கும் பொருள் முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கட்டும். மேல் ரேக்கில் இருப்பதை எடுக்க உயரமான ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தால் அங்கே இரண்டு பேர் நேரம் வீண். வாசலில் அரை அடிப் படி இருக்கிறதா? சாய்தளத்துக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு; அரை அடி உயரத்துக்கு ஆறடி நீளம். இடமில்லை என்று மூன்றடியில் முடிப்பார்கள். சக்கர நாற்காலி அதில் ஏறாது, தள்ளுவண்டியும் கவிழும். சரியாகக் கட்டினால் தோல் பண்டல் வண்டியும் அதே வழியில் சுலபமாகப் போகும்.

மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. லீன் திட்டம் 2023 மார்ச்சில் வந்தது. அடிப்படை, இடைநிலை, மேம்பட்ட நிலை என்று மூன்று கட்டம். ஆலோசகர் செலவில் 90 சதவீதம் அரசு தருகிறது. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோர் நடத்தும் யூனிட்டுக்கு மேலும் 5 சதவீதம். ஆலோசகர் வரும்போது இடத்துக்கு இடம் அட்டை எழுதும் வேலையையும் அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபினிஷிங் சூப்பர்வைசர், வாணியம்பாடி: காது கேளாத இரண்டு இளைஞர்கள் சேர்ந்திருக்கிறார்கள். வேலை சுத்தம். ஆனால் சொல்வது புரிவதற்குள் என் பாடு திண்டாட்டம். இருவரையும் பேக்கிங் மூலையில் சேர்த்து உட்கார வைத்துவிடலாமா?

வேண்டாம். மூலையில் உட்கார வைத்தால் உங்களுக்கு ஒரு வாரம் நிம்மதி, அவர்களுக்குப் பத்து வருடம் பேக்கிங். கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும் ஃப்ளோர்தான் லீனின் ஆதாரமே. உங்கள் ஃப்ளோர் இன்னும் கூவி நடக்கிறது என்று அந்த இருவர் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். நல்ல பீஸ், தள்ளும் பீஸ், இரண்டுக்கும் நடுவில் 'இதுவரை போகலாம்' என்ற எல்லை பீஸ், மூன்றையும் பலகையில் கட்டி மேசைக்கு நேர் எதிரே மாட்டுங்கள். நிறம் ஏறாத இடம், பசை வழிந்த இடம், சுருக்கம் எல்லாவற்றிலும் பேனாவால் வட்டம் போடுங்கள். காலைக் கூட்டத்தில் சொல்வதை நாலு வரியில், படத்தோடு, பலகையில் எழுதிவிட்டுப் பேசுங்கள். பேசும்போது முகம் அவர்கள் பக்கம் இருக்கட்டும். மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பேசினால், உதடு படிக்கத் தெரிந்தவர் படிப்பார். ஆர்ட்டிகிள் (ஷூ மாடல்) மாறுகிறது, நிறுத்து, சைஸ், ரிப்பேர், அவசரம் என்று ஒரு இருபது சைகையை அவர்களிடமே கேட்டு மொத்த லைனும் கற்றுக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு மேசையிலும் ஒரு விளக்கு. பச்சை ஓடுகிறது, மஞ்சள் உதவி வேண்டும், சிவப்பு நின்றுவிட்டது. ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் சிவப்பு எப்போதும் மேலே, பச்சை கீழே என்று இடத்தாலும் அடையாளம் இருக்கட்டும். தீ எச்சரிக்கைக்குச் சைரனோடு பளிச்சிடும் விளக்கும் வேண்டும். அதை ஃப்ளோரில் மட்டும் மாட்டிவிட்டுக் கழிப்பறையை மறந்துவிடுகிறார்கள். காது கேளாதவர் தனியாக இருக்கும் இடம் அதுதான்.

இதையெல்லாம் செய்து முடித்ததும் ஒன்றைக் கவனிப்பீர்கள். ஒடிசா, பீகார் பையன்கள் கேள்வி கேட்பது குறைந்திருக்கும். உருது மட்டும் சரளமாகப் பேசும் அம்மாவும் ஆர்ட்டிகிள் மாறியதைத் தானே பார்த்துக்கொள்வார்.

ஒரு துணுக்கு. தப்பே நடக்க முடியாதபடி ஜிக் (வேலையைச் சரியாகப் பிடித்து வைக்கும் துணைக்கருவி) செய்யும் உத்திக்கு ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ முதலில் வைத்த பெயர் 'பாக்கா-யோக்கே'. 'பாக்கா' என்றால் ஜப்பானிய மொழியில் முட்டாள். அந்த ஜிக்கைக் கொடுத்தபோது ஒரு பெண் தொழிலாளி, நான் அவ்வளவு முட்டாளா என்று அழுதுவிட்டார். ஷிங்கோ பெயரை 'போக்கா-யோக்கே' என்று மாற்றினார். 'போக்கா' என்றால் கவனம் தவறி நேர்வது. நம் ஃப்ளோர்களில் ஜிக்குக்கும் ஆளுக்கும் வைத்திருக்கும் பட்டப்பெயர்களை ஒரு தரம் காது கொடுத்துக் கேளுங்கள்.

சூப்பர்வைசர், ராணிப்பேட்டை: தோல் ஷாப்பில் ஈர வேலை, சுண்ணாம்புத் தொட்டி வேலை எல்லாம் காலங்காலமாகக் குறிப்பிட்ட ஆட்களுக்கே. ஃபினிஷிங்கில் வேறு ஆட்கள். ஃபைவ் எஸ்-இல் 'சுத்தம்' என்று வந்தாலும் அதே ஆட்களைத்தான் கூப்பிடுகிறார்கள். இதை லீனால் மாற்ற முடியுமா?

பாதி முடியும். ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று ஒரு அட்டை போடுவார்கள். இடப்பக்கம் பெயர்கள், மேலே வேலைகள், ஒவ்வொரு கட்டத்திலும் நாலாகப் பிரித்த வட்டம். கற்கிறார் என்றால் கால்வாசி, உதவியோடு செய்வார் அரை, தனியாகச் செய்வார் முக்கால், பிறருக்குச் சொல்லித்தருவார் முழு வட்டம். ஃப்ளெஷிங், ஷேவிங், டிரம், டாகிளிங், ஸ்பிரே, மெஷரிங் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அட்டை போடுங்கள். பிரிவுக்கு ஒன்று போட்டால் விஷயம் மறைந்துவிடும். ஒரே அட்டையில் பார்த்தால், 15 வருட அனுபவக்காரர் சிலருக்கு ஃபினிஷிங் பக்கம் ஒரு கால்வட்டம்கூட இல்லை என்பது எல்லோர் கண்ணிலும் படும். சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிக்காமலே கேள்வி மேசைக்கு வந்துவிடும். முதலாளிக்குச் சொல்ல லாபக் கணக்கும் உண்டு: ஸ்பிரேக்காரர் இரண்டு பேர் ஒரே நாளில் லீவு போட்டால் ஷிப்மென்ட் நிற்கிறது. மாதம் ஒருவர், வாரம் இரண்டு அரை நாள், பக்கத்துப் பிரிவில் பயிற்சி என்று தொடங்குங்கள்.

சுத்தம் விஷயத்தில் ஒரே விதிதான். அவரவர் இடத்தை அவரவர் துடைக்க வேண்டும், மேனேஜர் மேசை உட்பட. துடைக்கும்போதுதான் ஆயில் கசிவும் போல்ட் தளர்ந்ததும் தெரியும். அதற்காகத்தான் அந்த 'எஸ்'-ஸே இருக்கிறது. வேறொருவரைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னால் கசிவும் தெரியாது, ஃபைவ் எஸ்-ஸும் இல்லை.

மறு பாதி லீனில் அடங்காது. தனி டம்ளர், தனிப் பந்தி போன்றவற்றைக் கெய்ஸன் (சிறு சிறு மேம்பாடு) பலகையில் எழுதி, மெல்ல மெல்ல மேம்படுத்திக்கொண்டிருக்க முடியாது. அது தீண்டாமை. 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அன்றே நிறுத்த வேண்டும்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்பதையும் நடந்து போய்ப் பாருங்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, அருகில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். தங்குமிடத்தை ஆளின் சொந்த விஷயம் என்று சார்ட்டிலிருந்து விட்டுவிடக் கூடாது. சல்பைடு கலந்த சுண்ணாம்புக் கழிவுநீரும் அமிலக் கழிவுநீரும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும் என்ற எச்சரிக்கை, தொட்டிப் பக்கம் போகும் ஆளின் மொழியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழில் எழுதி மாட்டிவிட்டு, சொல்லிவிட்டோம் என்று கையெழுத்து வாங்கிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம்.

அலுவலக உதவியாளர், அரக்கோணம்: இரண்டு வருடமாகப் புகார்ப் பெட்டி காலி. மேலதிகாரி, 'நம்மிடம் பிரச்சினையே இல்லை' என்கிறார்.

பெட்டி எங்கே இருக்கிறது? ஹெச்.ஆர். கதவுக்குப் பக்கத்தில், கேமராவுக்கு நேர் கீழே என்றால் காலியாகத்தான் இருக்கும். டொயோட்டாவில் கோளாறைக் கண்ட தொழிலாளி லைனுக்கு மேலே உள்ள கயிற்றை இழுத்தால் லீடர் உடனே வந்து நிற்பார். அவர் வருவதால்தான் இழுக்கிறார்கள். பெட்டியைத் தண்ணீர்க் குழாய் பக்கம் மாற்றுங்கள். கிழமை சொல்லித் திறங்கள். பலகையில் மூன்று பத்தி: வந்தது, யார் பார்க்கிறார், முடிந்த தேதி. 'முடியாது' என்றாலும் ஏழு நாளுக்குள் காரணத்தோடு எழுத வேண்டும். புகார் எண்ணிக்கையைக் குறைப்பது என்று மட்டும் யாருக்கும் டார்கெட் வைக்காதீர்கள். வைத்தால் புகார் குறையும், தொந்தரவு அப்படியே இருக்கும். முதல் ஆறு மாதம் எண்ணிக்கை ஏறினால்தான் பெட்டி வேலை செய்கிறது. கணக்கெடுக்க வேண்டியது, வந்த நாளுக்கும் பதில் போன நாளுக்கும் இடையிலான நாட்களை.

பாலியல் துன்புறுத்தல் புகார் மட்டும் இந்தப் பலகைக்கு வரவே கூடாது, அது ரகசியம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் தரலாம்; தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் தரும். விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். அறிக்கை வந்த 60 நாளுக்குள் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். குழுவின் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியாள். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

ஆள் எடுக்கும் பொறுப்பாளர், காட்பாடி: அக்கவுன்ட்ஸ் வேலைக்கு நாலு சுற்று இன்டர்வியூ வைக்கிறோம். கடைசியில் ஒரே மாதிரி ஆட்களே தேறுகிறார்கள்.

நாலு சுற்று என்பது வருபவருக்கு நாலு நாள் சம்பளம் போவது. தாங்கக்கூடியவர் மட்டும் மிஞ்சுகிறார், அதனால்தான் ஒரே மாதிரி. இரண்டு சுற்றாக்கி ஒரே நாளில் முடியுங்கள். முதலாவதில் உண்மையான ஒரு வவுச்சர் கட்டைக் கொடுத்து டாலியில் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டாவதில் எல்லோருக்கும் அதே ஆறு கேள்வி, அதே வரிசை. கேட்பவர்கள் கலந்து பேசுவதற்கு முன்னால் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். பெரியவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்ற மதிப்பெண் எல்லாம் அவருடையதாகிவிடும். 'கல்யாணம் எப்போ?', 'சொந்த ஊர்ல எந்தத் தெரு?' என்ற கேள்விகள் கிடையாது. இரண்டாவது கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். விளம்பரத்தில் 'டூவீலர் அவசியம்' என்று பழக்கதோஷத்தில் போட்டிருந்தால் அடித்துவிடுங்கள். அக்கவுன்ட்ஸுக்கு வண்டி எதற்கு?

லைன் லீடர், மேல்விஷாரம்: ரமலான் மாதத்தில் மாலை 4 மணிக்கு மேல் லைன் தொய்கிறது. நோன்பு இருப்பவர்களும் இல்லாதவர்களும் கலந்துதான் இருக்கிறோம். என்ன செய்யலாம்?

வேலையைச் சமமாக நிரவுவது லீனில் பழைய பாடம். நிறைய தையல் வரும் ஆர்ட்டிகிளையும் எடை தூக்கும் வேலையையும் மதியத்துக்கு முன்னால் முடித்துவிட்டு, எளிய ஆர்ட்டிகிளை மாலைக்கு வையுங்கள். மெஷின் சர்வீஸ், ஸ்கில் பயிற்சி எல்லாம் அந்த மாதம் 4 மணிக்கு மேல். சாப்பாட்டு இடைவேளையை எடுக்காமல் அரை மணி முன்னதாகக் கிளம்ப விரும்புகிறவர்களுக்கு அந்த வசதி. சாப்பிடுகிறவர்களுக்கு வழக்கமான நேரம். இரண்டு நேர அட்டவணை வேண்டும், இரண்டிலும் மொத்த நிமிடம் ஒன்றே. நோன்பில்லாதவர் தலையில் மாலை வேலை மொத்தமும் விழாதபடி வாரத்துக்கு வாரம் இடம் மாற்றுங்கள். மாதம் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்னால் பஸ் டிரைவரிடமும் கேன்டீனிலும் சொல்லிவிட வேண்டும். அங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள்.

எந்தப் பெண்ணிடமும், இன்றைக்கு ஏன் நோன்பு இல்லை என்று கேட்காதீர்கள். மாதவிடாய் நாளிலும், உடம்பு சரியில்லாத நாளிலும் இருக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவருக்கும் விலக்கு உண்டு. கேன்டீனுக்கு அன்றன்றைய எண்ணிக்கைதான் வேண்டும், பெயர் வேண்டாம். காலையில் கேட் பக்கம் ஒரு டப்பாவும் கொஞ்சம் பட்டனும் வையுங்கள். மதியம் சாப்பிடுகிறவர் ஒரு பட்டனைப் போட்டுவிட்டு உள்ளே போகட்டும்.